சுடாத ரைபிளும் நான் சுற்றிய ஸ்பிரிங்கும்

துப்பாக்கி வேலை செய்கிறவன் யாரையும் நம்பக் கூடாது. குழாயில் தோட்டா இல்லை என்று ஒருவன் சொன்னால், அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் போல்ட்டை இழுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்திருப்பேன். சாமி மேல் சத்தியம் பண்ணுகிறவனிடம் இரண்டு தடவை பார்ப்பேன். இந்தக் குணம் இருந்ததால்தான் பத்து விரலும் முழுசாக வைத்துக்கொண்டு இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் காலத்தில் இதே தொழிலுக்கு வந்த ஒருவருக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது. நம்பிவிட்டார்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ராஜபாளையத்தில் பஞ்சு அரைக்கிற ஃபாக்டரியில் எண்ணெய் விடுகிற கூலியாகப் போனேன். அங்கே மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று மெஷின் பார்க்கிற பிட்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பிட்டருக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து சைக்கிள், காஸ் லைட், தையல் மெஷின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்தேன். ஒரு நாள் ஒரு சம்சாரி, கரும்புக்குள் பன்றி இறங்குகிறது என்று, வெடிக்காத கேப்புத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தேன், பார்த்தேன், சரி செய்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்ததாக இரண்டு பேர் பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது பொய்.

ரிப்பேரோடு தோள்வாரும் தைத்தேன். சீமையிலிருந்து வருகிற வார் மதுரையில்தான் கிடைக்கும், யுத்தம் வந்த பிறகு அங்கேயும் கிடையாது. பஞ்சு ஃபாக்டரியில் சக்கரத்தை இழுத்து இழுத்துத் தேய்ந்த தோல் பெல்ட்டை வெளியே வீசுவார்கள். அதை எடுத்து வருவேன். அதில் வழுக்காமல் இருக்கக் குங்கிலியம் பூசியிருப்பார்கள். சாம்பல் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினால்தான் அது போகும். பிறகு வாராக அறுத்து, விளக்கெண்ணெயைக் கையால் தேய்த்து ஏற்றி, மெழுகு போட்ட நூலால் தைப்பேன். அந்த வாரில் ஒரு ஆளையே தொங்கவிடலாம். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நடந்து போகிற சில வீட்டுக்காரர்கள் தோல் மேலே பட வேண்டாம் என்பார்கள். அவர்களுக்குக் கட்டில் நாடாவை இரட்டையாக மடித்துத் தைத்து, கடுக்காய்த் தண்ணீரில் இரும்புத் துண்டைப் போட்டுக் காய்ச்சிக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கொடுப்பேன். மழையில் நனைந்தாலும் சாயம் போகாது. என்னைப் பார்த்து நாடா வார் தைத்த ஒருவனுடையது முதல் மழையிலேயே வேட்டியில் ஊறி, வேட்டைக்குப் போனவரைக் கரிமூட்டைக்காரராக்கி அனுப்பியது.

அய்யனார் கோவில் போகிற பாதையில், மலையடியில், ஒரு பண்ணையாருக்கு மாந்தோப்பு இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவரிடம் யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய சீமை ரைபிள் ஒன்று உண்டு. அதில் ஸ்பிரிங் தளர்ந்து, ஊசி மெதுவாகப் போய் முட்டியது. தோட்டாவின் அடியில் இருக்கிற கேப்பில் ஊசி வேகமாகக் குத்தினால்தான் வெடிக்கும். புது ஸ்பிரிங் எங்கேயும் கிடைக்காத நேரம். நானே உருக்குக் கம்பியைச் சுற்றி, நெருப்பில் காட்டி, எண்ணெயில் அவித்துப் போட்டுக் கொடுத்தேன். குழாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியைப் போட்டு, மேலே பார்க்கப் பிடித்து விசையை இழுத்தேன். ஊசி குத்திய குத்தில் குச்சி போய் ஓட்டில் அடித்தது. பண்ணையாரே கை தட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் ஏலே என்று கூப்பிட்டுக்கொண்டே என் கடைக்குள் நுழைந்தார். பின்னால் தோப்புக் காவலர், கையில் அந்த ரைபிள்.

"ஏலே, நீ எனக்குப் போட்டது ஸ்பிரிங்கா, கொடுக்காப்புளிச் சுருளா?"

நடந்ததைக் காவலர்தான் சொன்னார். தோப்புக்குள் பன்றி எதிரே வந்திருக்கிறது. பண்ணையார் விசையை இழுத்திருக்கிறார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போல்ட்டை ஏற்றி அதே தோட்டாவுக்கு மறுபடி இழுத்தார். மறுபடியும் டிக். பன்றி அவருடைய வெள்ளை நாயின் விலாவைக் கிழித்துவிட்டுப் போனது.

"அய்யா மரத்துல ஏறிட்டாவ," என்றார் காவலர்.

"அதை எதுக்குச் சொல்லுத?" என்றார் பண்ணையார்.

காவலர் சுந்தரபாண்டியம் பக்கத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். முந்தின யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய்க் கடல் தாண்டி வந்தவர். மீசையை முறுக்கி, காக்கி அரைக்கால் சட்டை போட்டு, எங்கே நின்றாலும் யாரோ சல்யூட் கேட்கப் போகிற மாதிரி நிற்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது.

சுடாத தோட்டாவை வாங்கிப் பார்த்தேன். கேப்பில் ஊசி குத்திய குழி நன்றாக ஆழமாக இருந்தது.

"அய்யா, இந்தக் குழியப் பாருங்க. ஸ்பிரிங்கு சோந்து போச்சுன்னா இம்புட்டு ஆழம் எறங்காது. துப்பாக்கி மேல தப்பு இல்ல. தோட்டாதான் செத்துப் போச்சு."

"ரெண்டு தடவ அடிச்சேன்லா? அதான் ஆழம்," என்றார் பண்ணையார். "மொத அடியில வெடிக்கணுமா, பன்னி எம் மடியில வந்து உக்காந்த பொறவு வெடிக்கணுமா?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இரண்டு அடி சேர்ந்தால் குழி ஆழமாகத்தான் இருக்கும். நான் மீதித் தோட்டாக்களைக் காட்டச் சொன்னேன். காவலர் ஒரு துணிப்பையை நீட்டினார். அவற்றில் இரண்டொன்றை என் கண் முன்னால் பண்ணையார் கடைக்குப் பின்னாலிருந்த மண் கரையில் சுட்டுப் பார்த்தார். ஒன்று வெடித்தது. இன்னொன்று டிக்.

அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் காவலர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. யுத்த காலத்தில் ரைபிள் தோட்டாவுக்குத் தங்கத்தின் மவுசு. மலைக்குள் கள்ள வேட்டைக்குப் போகிறவர்கள் ஒன்றுக்கு என்ன கேட்டாலும் கொடுப்பார்கள். நல்லதை எடுத்து விற்றுவிட்டு, எங்கேயோ கிடந்த பழசைப் பைக்குள் போட்டால் யார் கண்டுபிடிப்பது?

"பட்டாளத்தாரே, இந்தப் பை யார் கையில இருக்கும்?" என்றேன்.

அவர் அப்படியே திரும்பினார். "என்ன கேக்குதீரு அண்ணாச்சி? நேராக் கேளும்."

"நேராத்தான் கேக்கேன்."

"நானும் ஒண்ணு நேராக் கேக்கேன். மலைக்குள்ள திருட்டு வேட்டைக்குப் போறவன் துப்பாக்கியெல்லாம் ரிப்பேருக்கு எங்க வருது? எங்கடைக்கா வருது?"

பண்ணையார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால், இரண்டு பேரும் கூட்டு என்று நினைக்கிற மாதிரி இருந்தது.

தோட்டாக்களைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். காவலர் பக்கத்திலேயே நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தார். இருந்தாலும் என் கை என் கைதான். ஒவ்வொன்றையும் துடைப்பது மாதிரி உருட்டி, கூர் ஊசியால் அடி விளிம்பில் மயிரளவு ஒரு கீறல் போட்டேன். பண்ணையாருக்கும் தெரியாது, காவலருக்கும் தெரியாது. இனிமேல் யாராவது மாற்றினால் கீறல் இல்லாத தோட்டா வரும், கள்ளன் மாட்டிக்கொள்வான். இந்த மூளை எந்தக் காலேஜில் கிடைக்கும்? தோட்டாக்களில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. காலையிலிருந்து வாருக்கு விளக்கெண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்த கை, கடை முழுக்க அதே வாடை. என் கைப் பிசுக்கு என்று விட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மழை பிடித்த பிறகு பண்ணையார் மறுபடி தோப்புக்குப் போனார். இந்தத் தடவை ஒரு மிளா மான், அசையாமல் நின்றிருக்கிறது. மறுபடியும் டிக். அன்றைக்குக் கூட வந்திருந்த சம்பந்திமார் சிரித்துவிட்டார்களாம். பன்றியை விட அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியிருக்கும். நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், இந்த ஆள் கள்ள ஸ்பிரிங் போட்டுத் துப்பாக்கிகளைக் கெடுக்கிறான், சுடாமல் போனால் பரவாயில்லை, ஒரு நாள் மூஞ்சியில் வெடித்தால் யார் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

அது எப்படிப்பட்ட காலம் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய இடி என்று புரியும். வெள்ளைக்காரனே வெளியேறு என்று ஆங்காங்கே தந்திக் கம்பியை அறுக்கிறார்கள், தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்று போலீசுக்குத் தூக்கம் கிடையாது. அரம் வைத்திருக்கிறவனைப் பார்த்தாலே நின்று பெயர் கேட்பார்கள். நான் அரமும் வைத்திருக்கிறேன், துப்பாக்கியும் பிரிக்கிறேன். வருஷா வருஷம் என் ரிப்பேர் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இன்ஸ்பெக்டர் திருப்தி என்று எழுத வேண்டும். புதுப்பிக்கிற நேரம் பார்த்துத்தான் பண்ணையார் போய்ச் சொல்லியிருந்தார்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். கடையில் ரிப்பேருக்கு இருந்த துப்பாக்கிகளையெல்லாம் விறகுக்கட்டு மாதிரி கட்டித் தூக்கினார்கள்.

"பண்ணையார் வந்து தன் வார்த்தைய வாபஸ் வாங்குனா லைசென்சு. இல்லைன்னா வேற பொழப்பப் பாத்துக்கோரும்," என்றார் மூத்தவர்.

"குழாயில தோட்டா இருக்கான்னு பாத்தீகளா?"

"எல்லாம் காலியாத்தான் இருக்கும்."

"பாத்தீகளான்னு கேட்டேன்."

அவர் என்னை முறைத்துவிட்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. நான்தானே வைத்திருந்தேன்.

கடை சாத்திக் கிடந்தது. துப்பாக்கியைத் தொடக் கூடாது, வார் தைக்கலாம். வார் யார் வாங்குவார்கள்? போலீஸ் வந்து போன வீடு என்றால், வழக்கமாக வருகிறவன்கூட எதிர்ச் சாரியில் நடந்து போனான். இருபது வருஷம் கையால் உண்டாக்கிய பெயர், ஒரு மனிதர் போய்ச் சொன்ன ஒரு சொல்லில் போய்விடும் போல இருந்தது. எனக்குப் போட்டியாகத் தொழில் செய்தவன் கடை வாசலில் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். பண்ணையாரைத் தூண்டிவிட்டதே அவனாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் காவலர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தோட்டா, மிளாவுக்குச் சுடாத தோட்டா.

"அய்யா இதை உம்ம மூஞ்சியில வீசச் சொன்னாவ. நான் வீசல. கையில தாரேன்."

"ஏன், பாவம் பாத்தீரோ?"

"எம்மேலயும் சந்தேகம்னு அவிய கண்ணுல தெரியுது. தோப்புச் சாவியப் புடுங்கிட்டாவ."

தோட்டாவை வாங்கி முதலில் அடியைத் திருப்பினேன். என் கீறல் இருந்தது. அதே மயிரளவு, அதே சாய்வு. யாரும் மாற்றவில்லை. காவலர் மேல் நான் கட்டியிருந்த கணக்கு முழுக்க அந்த இடத்தில் விழுந்தது. கேப்பில் இந்தத் தடவை ஒரே ஒரு குத்து, ஆழமாக, நடுவில். என் ஸ்பிரிங்கும் குற்றவாளி இல்லை. அப்படியென்றால் நல்ல தோட்டா பைக்குள்ளேயே எப்படிச் செத்தது?

கீறலை வெளிச்சத்தில் காட்டினேன். அன்றைக்கு என் கூர் ஊசி கீறியபோது எழும்பிய பிசிறில் என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், பூச்சியின் இறகு போல. நகத்தால் எடுத்தால் பிசுக்கென்று வந்தது.

சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதைத் தொட்டியா நீ?" என்றேன்.

"ஆமா, நாந்தான் தொட்டேன். நாந்தான் பன்னியையும் சுட்டேன். இப்பத்தானே அந்த அண்ணாச்சி கொண்டாந்தாவ? எதையெடுத்தாலும் எம்மேல சந்தேகம்!" கையை நீட்டி வாங்கி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தாள். "இது துவரந் தோலு. விளக்கெண்ண பெரட்டி வெச்ச துவர. எந்த வீட்டுல பருப்புப் பானைக்குள்ள குண்டப் போட்டு வெச்சிருக்காக?"

காவலரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தோட்டாப் பை வீட்டுக்குள்ள யார்ட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"வேட்டைக்குப் போறன்னைக்கு அய்யா எங்கையில தருவாவ. மத்த நாளெல்லாம் பண்டக அறையில. சாவி அம்மா இடுப்புல."

பண்டக அறைக்குள் போக வேண்டும். ஆனால் என்னை அந்த வீட்டு வாசலில் நிற்கவே விட மாட்டார்கள். யோசித்தேன். மிச்சமிருந்த கட்டில் நாடாவை எடுத்து, தோட்டா செருகுகிற பெல்ட் ஒன்று, கண்ணி கண்ணியாகத் தைத்தேன். கடைசிக் கண்ணிகளை மட்டும் தைக்காமல் விட்டு, அளவு பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனேன். காவலரும் கூட வந்தார். எனக்கு உதவி செய்ய வந்தாரா, என்னைக் கண்காணிக்க வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

பண்ணையார் நாற்காலியில் இருந்தார். நாய் விலாவில் கட்டோடு காலடியில் படுத்திருந்தது.

"உன் கடையே சாத்திக் கெடக்கு. பெல்ட்டு யாருல கேட்டா?"

"யாரும் கேக்கல அய்யா. இனாம்."

"இனாமா? எதுக்கு?"

"அய்யா மனசு வருத்தப்பட்டீகள்லா. கண்ணி அளவு பாக்கணும், தோட்டா வேணும்."

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். இனாம் என்பது சந்தேகத்துக்குரிய சாமான்தான். ஆனால் பெல்ட் அழகாக இருந்தது. உள்ளே திரும்பித் தெலுங்கில் என்னமோ சொன்னார்.

பண்ணையாரம்மா வெளியே வந்தார். கையில் சின்னச் சுளகு. அதில் துவரம்பருப்புக்குப் பக்கத்தில், புது மணமகள் காசுமாலை மாதிரி பளபளவென்று தோட்டாக்கள். இரண்டும் வெயிலிலிருந்து நேரே வந்திருந்தன. ஒரு தோட்டாவை எடுத்தேன், சூடு கையில் தெரிந்தது.

மெதுவாகக் கேட்டேன். "அம்மா, இம்புட்டு மினுமினுப்பா வெச்சிருக்கீகளே, எப்படி?"

அவருக்குச் சந்தோஷம். "பருப்புக்குப் பண்றதுதான் இதுக்கும். விளக்கெண்ண பெரட்டி வெயில்ல காய வெச்சு, வேப்பிலை போட்டு மூடிருவேன். எண்ண போடலேன்னா வண்டு பிடிக்கும் கதா, இல்லையா? இத்தன வருஷமா ஒண்ணுலகூட ஓட்ட விழல, பாருங்க."

"ஏமி? என்னது?" என்றார் பண்ணையார், எழுந்துவிட்டார்.

"நீங்கதானே சொன்னீங்க, யுத்தம் முடியற வரைக்கும் இனிமே கிடைக்காது, பத்திரமா வையின்னு?"

அவர் சொன்னதுதான். பத்திரமாக வை என்றால் அந்த வீட்டில் எல்லாப் பண்டமும் எப்படி வைக்கப்படுமோ, அப்படி வைத்திருக்கிறார். வெயிலில் எண்ணெய் நீர்த்து, கேப்பின் ஓரம் வழியே உள்ளே இறங்கி, மருந்தை நனைத்துச் சாகடித்திருக்கிறது. வண்டு உண்மையிலேயே வரவில்லை.

அந்த அம்மாவை அவர் வீட்டிலேயே, அவர் புருஷனுக்கு முன்னால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லாவிட்டால் என் கடை போகும். காவலர்தான் தொண்டையைச் செருமினார்.

"பட்டாளத்துல தோட்டாவுக்கு எண்ண காட்டுனா தண்டன உண்டு அய்யா. கேப்பு செத்துரும்."

அம்மாவின் முகம் சுருங்கியது. பண்ணையார் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இதை அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்க ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுதீகளா?"

"சுட்டுப் பாத்துருவோம் அய்யா," என்றேன். "எண்ண படாத தோட்டா ஒண்ணு ரெண்டு இருந்தாப் போதும்."

யுத்தத்துக்கு முன்னால் போட்ட வேட்டைக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது, அதன் பைக்குள் கிடக்கலாம் என்று அம்மாவே சொன்னார். கிடந்தன. பச்சைக் களிம்பேறி, பார்க்கச் சகிக்காத தோட்டாக்கள். தோப்புக்குப் போனோம். நான் போல்ட்டைத் திறந்து குழாயைப் பார்த்துவிட்டுத்தான் ரைபிளை அவர் கையில் கொடுத்தேன். களிம்பேறியது ஒவ்வொன்றும் முதல் இழுப்பிலேயே வெடித்தது. மினுமினுப்பானதைப் போட்டார். டிக். இன்னொன்று. டிக் என்றது, அவர் போல்ட்டில் கை வைத்தார்.

"தொறக்காதீக! குழாய மண்ணப் பாத்துப் பிடிங்க!" என்று கத்தினேன்.

பிடித்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத் தரையில் டம் என்று இறங்கியது. நனைந்த கேப்பு அப்படித்தான், யோசித்துவிட்டு வெடிக்கும். அவர் திறந்திருந்தால் கண் போயிருக்கும். அன்றைக்கு அந்தக் கண்ணைக் காப்பாற்றியது நான்தான், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பண்ணையார் ரைபிளைக் காவலரிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலம்பற ஸ்டேஷனுக்கு வா," என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். காவலரைச் சாட்சிக்கு என்று கூட்டி வந்தார். இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பண்ணையார் உட்கார்ந்தார், நாங்கள் நின்றோம்.

"இந்த ஆள் மேல சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு. தோட்டாதான் மழையில நமுத்துப் போச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை இடுப்பில் வந்து நின்றது. சனியன், பண்ணையார் என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"புது பெல்ட்டோ? யார் தச்சது?"

பண்ணையார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இவந்தான்."

"எம்புட்டு குடுத்தீங்க?"

"இனாமாக் குடுத்தான்."

"சரிதான்," என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவை மூடி வைத்தார். "போன வாரம் கள்ள ஸ்பிரிங்கு. இந்த வாரம் இனாம் பெல்ட்டு, நல்ல ஸ்பிரிங்கு. வேற என்னவெல்லாம் இனாமா வந்துச்சு?"

வீட்டுக்குள் நுழைவதற்காக நான் தைத்த பெல்ட்டே லஞ்சமாகப் போய் நிற்கிறது. லைசென்ஸ் போனது மட்டுமில்லை, அதற்கு மேலும் என்னமோ வரப் போகிறது என்று நினைத்தேன். பண்ணையார் முகம் சிவந்தது. தன்னை ஒரு பெல்ட்டுக்கு விலைபோனவர் என்று ஒருத்தர் சொல்லி அவர் கேட்டதில்லை. உதட்டைக் கடித்தார். பிறகு மளமளவென்று கொட்டினார்.

"நமுக்கவுமில்ல, ஒரு எழவுமில்ல! எம் பொஞ்சாதி விளக்கெண்ண தடவி வெயில்ல காயப்போட்டா. வண்டு பிடிக்கும்னு. பருப்போட சேத்து. போதுமா? வேணும்னா வீட்டுக்கு வந்து சுளகப் பாரும்!"

கதவோரம் நின்ற கான்ஸ்டபிளின் மீசை ஆடியது, சிரிப்பை அடக்குகிறார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் பக்கம் தலையைச் சாய்த்து, "நம்ம பெட்டியில இருக்கிற துப்பாக்கி ரவைக்கு எண்ண கிண்ண போடுதீங்களாவே?" என்றார்.

கான்ஸ்டபிளின் மீசை ஆட்டம் நின்றது.

இன்ஸ்பெக்டர் எழுதினார், முத்திரை விழுந்தது. என் துப்பாக்கிக் கட்டையும் கொடுத்தார்கள். நான் அங்கேயே வராந்தாவில் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு குழாயாகப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கட்டினேன். போலீஸ் கையிலிருந்து வந்தது என்றால் கூடுதலாகவே பார்க்க வேண்டும்.

பண்ணையார் முன்னால் நடந்துவிட்டார். என் கையில் அந்தத் தாள். முழுக்க இங்கிலீஷ். அதில் திருப்தி என்று எழுதியிருக்கிறதா, திருப்தி இல்லை என்று எழுதியிருக்கிறதா? முத்திரை இரண்டுக்கும் ஒன்றுதானே. பஸ் ஸ்டாண்டில் காவலரைப் பார்த்தேன். பட்டாளத்தில் இருந்தவர், இங்கிலீஷ் வாசிப்பார்.

"பட்டாளத்தாரே, இதச் செத்த வாசிச்சுச் சொல்லும்."

அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, உரக்க வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். திருப்தி, ஒரு வருஷத்துக்கு ரிப்பேர் செய்யலாம்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குதீரு? நான் பொய்யா வாசிச்சா என்ன செய்வீரு?"

"வேற ஆள்ட்ட காட்டுவேன்."

"தாராளமாக் காட்டும். நானும் வாரேன்."

ராஜபாளையத்தில் இறங்கியதும் நேரே தபாலாபீசுக்குப் போனோம். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். காவலர் சொன்னது மாதிரியே, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காவலர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். தோப்புச் சாவியைத் திரும்ப வாங்கப் பண்ணையார் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் போய்க் கடையைத் திறந்தேன்.